வலிக்காத கை

பச்சையம்மாவின் இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய தேமல். பழவேற்காடு ஏரியில் மண்டியிட்டு, பனையோலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள் அவள். உப்புத் தண்ணீரில் ஊறுகிற உடம்பில் தேமலும் சொறியும் சகஜம் என்று ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை; அந்தக் கையைக் கொண்டாடித் தொலைத்தார்கள். நண்டு கடித்தாலும் அவளுக்கு அங்கே வலிக்காது. மற்ற பெண்கள் பயப்படும் வளைக்குள் கையை முழங்கைவரை விட்டு நண்டை இழுத்துப் போடுவாள்.

“தொழில்காரி கைன்னா இதான்டி” என்று பக்கத்துவீட்டு எல்லம்மா மெச்சிக்கொள்வாள். தேமலுக்கு வைத்தியமும் அவள்தான். அழுகவிட்ட மீன்குடலில் வடித்த எண்ணெயோடு மண்ணெண்ணெயைக் குழைத்துத் தேய்த்துவிடுவாள். கையில் ஈ மொய்க்கும். அந்த நாற்றத்தில் சோறு பிசையவே பச்சையம்மாவுக்குக் குமட்டும்.

ஒருநாள் குடிசைக்குள் வேறொரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். கடைசியில் பார்த்தால் அவளுடைய சுண்டுவிரல்! கெளுத்தி முள் உள்ளே ஒடிந்து, சீழ் கோத்திருந்தது. கெளுத்தி குத்தினால் ஆம்பிளைகளே அலறுவார்கள். இவளுக்கு எப்போது குத்தியது என்றே தெரியவில்லை. அருவருப்பை மீறிப் பயம் வந்தது. விரல் மரத்துப்போனால் சேற்றுக்குள் இறாலை எதைக்கொண்டு தேடுவது?

பொன்னேரிக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைக் கழுவிக் கட்டினார். பிறகு அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எப்போது தொடுவார் என்று பச்சையம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

“இது தொழுநோய்ம்மா. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா குணமாயிடும், காசும் கிடையாது. வெளுத்த இடத்துல உணர்ச்சி இல்லேன்னா அன்னிக்கே வந்திருக்கணும். சுண்டுவிரல் பழையபடி ஆகுமான்னு சொல்ல முடியாது. மத்த விரலைக் காப்பாத்திடலாம்.”

சேதி ஊருக்குள் பரவியது. இத்தனை நாள் அந்தக் கையைத் தடவிய எல்லம்மா, “என் பறியத் தொடாத” என்று தூவென்று துப்பிவிட்டுப் போனாள். வியாதியைவிட அந்தச் சுளித்த மூஞ்சிதான் பச்சையம்மாவுக்குக் குமட்டியது.

அப்புறம் ஒரு மத்தியானம் எல்லம்மாவே வாசலில் வந்து நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முந்தானையை விலக்கி முதுகைக் காட்டினாள்.

“வெளுப்பா ஒண்ணு இருக்குதாம். இது வெறும் தேமல்தானே பச்ச? நீயே கிள்ளிப் பாரேன்.”

பச்சையம்மா ஆத்திரம் தீர, நகம் பதியக் கிள்ளினாள். ரத்தம் துளிர்த்தது.

“இன்னாடி யோசிக்கிற?” என்றாள் எல்லம்மா. “கிள்ளு.”