தளபதிக்கு மன்னிப்புக் கேட்டவர்கள்

தொண்ணூறுகளில் மலையாளச் சீமையில், தம்பானூர் ஓட்டல்களில் வேலை பார்த்த தமிழர்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. முறைவைத்துக் கை மாறும். வாங்குகிறவர் முதல் பக்கச் சீட்டில் ஓட்டல் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விட்டிருக்கும் வெற்றுத்தாளில் அபிப்பிராயம் எழுத வேண்டும். லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்த நான், ஆண் பெயரில் அதில் தொடர்கதை எழுதினேன்.

கதாநாயகன் ஒரு தளபதி. எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை உள்ளேயே விட்டு ஓடிப்போனவன். அவன் வாளில் இருக்கும் ரத்தம் எந்த ஆற்றில் கழுவினாலும் போகாது. பாவம் தீர யாளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு காடு காடாக அலைகிறான். அவன் வேறு யாருமில்லை, எங்கள் அப்பாதான். நான் பத்தாவது படிக்கும்போது பொன்முடி எஸ்டேட் கேன்டீனில் சமைக்கப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். கடைசி அத்தியாயத்தில் அவனைக் கோட்டை வாசலிலேயே சாகடிப்பது என்று நினைத்துத்தான் கதையையே ஆரம்பித்தேன்.

வாசகர்கள் விடவில்லை. "பாவம், மன்னித்துவிடலாம்" என்று மாதாமாதம் எழுதினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மன்னிப்பை அள்ளி ஊற்றினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோராம் மாதம் வெற்றுத்தாளில் ஒரு புது அபிப்பிராயம்: "அவன் திருந்திவிட்டான். வீட்டுக்காரி கதவைத் திறப்பதுதான் நியாயம்." அப்பாவின் எழுத்து. சீட்டைப் பார்த்தேன். பக்கத்துத் தெரு ஓட்டலுக்கே வேலைக்கு வந்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் நியாயம் எழுத வந்துவிட்டார்!

பதினோரு இதழ்களையும் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கிக் கொண்டுபோய் அம்மா முன்னால் போட்டேன். லாட்ஜ் விரிப்புகளைத் துவைத்துச் சிவந்த கையால் ஒன்றுவிடாமல் புரட்டிப் படித்தாள். அப்பாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏட்டி, யாளி பேசுது, குதிர பேசுது. அவன் பொஞ்சாதி ஒரு வார்த்த பேசலியே. அவ உசுரோட இருக்காளா, செத்தாளா?"

எனக்கே தெரியவில்லை. நானும்தான் அவளைக் கோட்டைக்குள் விட்டுவிட்டு, அவன் பின்னாலேயே பதினோரு மாதம் ஓடியிருக்கிறேன். அன்றைக்கு என்மேல் வந்த கோபம் அப்பாமேல்கூட வந்ததில்லை.

கடைசி அத்தியாயம் முழுவதும் அவள் பேசினாள். கதவு திறந்த பிறகு பிள்ளையை எங்கே ஒளித்தாள், யார் வாசலில் கஞ்சிக்கு நின்றாள், "நீ என்ன செஞ்சே, அவன் ஓடிப்போக?" என்று எத்தனை பேர் கேட்டார்கள், எல்லாம். அவன் வந்து தட்டும்போது, "முதலில் இதைக் கேள்" என்கிறாள். அதோடு கதை முடிந்தது.

பத்திரிகைப் பொறுப்பாளர் முணுமுணுத்தார். "எந்தா இது, ஒரு சண்டைகூட இல்லியே?" ஆனாலும் அவள் படத்தைச் சாயத்தில் வரைந்து சேர்த்தார். பிரதி முதலில் அப்பாவின் ஓட்டலுக்குப் போகட்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அப்பா ஒரு வரி எழுதினால் போதும், நம் வீட்டுக் கதவைத் திறக்கலாம் என்று அம்மாவும் சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் திரும்பி வந்தது. வெற்றுத்தாள் வெறுமையாகவே இருந்தது. காயாத சாயத்தில் அவள் படம் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. யாரும் பிரிக்கவே இல்லை. சீட்டில் மட்டும் அப்பாவின் கையெழுத்து. என் பள்ளிக்கூட மார்க் அட்டையிலும், உள்ளே பார்க்காமல், அப்படித்தான் போட்டுக்கொடுப்பார்.