பச்சை பெயின்ட் அடித்த ஃப்ரேம்

தொண்ணூறுகளில் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிள் ஃப்ரேம் வாங்கினேன். முதல் வேலையாகத் துருவைத் தேய்த்துப் பச்சை பெயின்ட் அடித்தேன். அந்த அவசரத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஹேண்டில்பார், செயின், சக்கரங்கள் என்று மாதம் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி, ஒரு வருஷம் கழித்து ஏறி மிதித்தேன். வண்டி இடது பக்கமே இழுத்தது. சக்கரத்தை மூன்று தடவை கோட்டம் எடுத்துப் பார்த்தேன், அப்படியும் இழுத்தது.

கடைசியில் சைக்கிள் கடைக்காரர் ஃப்ரேமின் முன்னாலிருந்து பின்னால்வரை இரண்டு பக்கமும் நூல் கட்டினார். ஒரு பக்கம் நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் நடுவில் விரல் நுழைந்தது. மறுபக்கம் நூல் குழாயை உரசியது.

“ஃப்ரேமே கோணலுங்க. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னால நூல் புடிச்சுப் பாக்கலீங்களா?”

“நிமித்த முடியாதுங்களா?”

“நிமித்துனா பத்த வெச்ச எடம் உட்டுப்போடுமுங்க.”

பம்ப் ஷாஃப்டில் மயிரளவு பிசகினாலும் கழித்துப் போடுகிறவன் நான். என் ஃப்ரேமை அளக்கத் தோன்றவில்லை. வேறு வண்டிக்கு வழியில்லாமல், ஹேண்டிலை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி ஆறு வருஷம் அதிலேயே ஷிஃப்டுக்குப் போனேன். அந்தப் பச்சை பெயின்ட் மட்டும் ஓரிடத்தில்கூட உரியவில்லை.