மாமனுக்கு ஒரு மடி

மஞ்சளை முதலில் பார்த்தது என் மகள் யாழினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அப்போது மூன்று வயது. அண்ணன் முகத்தருகே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா கண்ணுல மஞ்சப் பூசியிருக்கு" என்றாள். நாங்கள் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார்.

அண்ணன் முருகேசனுக்கு மைசூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. நான் கவிதா, நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். பூர்வீகம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். காமாலை என்றால் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவரைத் தேடிப் போவார்கள். நாங்களும் போனோம். உப்பில்லாப் பத்தியம், மோர்ச் சோறு எல்லாம் ஆயிற்று. மஞ்சள் இறங்கவில்லை, எடைதான் இறங்கியது.

ஸ்கேன் எடுத்தபோது கணையப் புற்றுநோய் என்றார்கள் (கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும், செரிமான நீர் சுரக்கும் உறுப்பு). அடைத்துப்போன பித்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்தார்கள். கண் வெளுத்தது, பசி வந்தது, அண்ணி நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். பிறகு கீமோ. அது சில மாதம்தான் ஓடியது. ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியே கூப்பிட்டு, நோயை அடக்க இனி மருந்து இல்லை, வலியை அடக்க உண்டு என்றார்.

அண்ணன் இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் பிழைத்துவிடுவார் என்று நீங்கள் எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம். ஆனால் இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அண்ணனின் கடைசிக் காலத்தில் ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பரபரப்புத்தான் வருகிறது, கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது வருகிற அதே பரபரப்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், அந்த வாரம் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எங்களுக்கு இருந்த பெரிய முடிச்சு யாழினியின் காது குத்து. எங்கள் வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையடிக்க வேண்டும், காது குத்த வேண்டும். மாமன் மடி இல்லாவிட்டால் அது காது குத்தே இல்லை. ஒரு வயதில் செய்திருக்க வேண்டியது. நல்ல தோடு செய்து போட்டுத்தான் குத்துவேன் என்று அண்ணன் தள்ளிப்போட்டார். பிறகு வேலை. பிறகு இந்த மஞ்சள். அப்புறம் நானும் அண்ணியும் மாறி மாறி ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம்: "உங்களுக்குச் சரியானதும் வெச்சுக்கலாம்."

இப்போது சரியாகாது என்று தெரிந்துவிட்டது. உடனே காது குத்தலாம் என்று வாயைத் திறந்தால், ஏன் இத்தனை அவசரம் என்று அண்ணன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அண்ணியோ அவருக்கு எதுவும் தெரியக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அண்ணனைச் சாக விடாமல் இருக்க எங்களால் முடியாது. யாழினியை அவர் மடியில் உட்கார வைப்பதாவது முடியுமா என்பதுதான் எனக்குக் கேள்வி.

வலி பொறுக்க முடியாமல் போனபோது ஊருக்கு வெளியே இருந்த நோய்த்தணிப்பு இல்லத்தில் (குணமாக்க முடியாத நோயில் வலியையும் தொந்தரவையும் குறைக்கும் இடம்) சேர்த்தோம். அண்ணனிடம் "சத்து ஏத்துற எடம்" என்று சொல்லி வைத்தோம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, பருத்திப் புடவையில் ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் ரேகா, அங்கே சமூகப் பணியாளர் என்றார். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பையைத் திறந்துவிட்டேன்.

"அதெல்லா அப்புறம் பாக்கலாம்ரீ," என்றார். அவருடைய வீட்டு மொழி கன்னடம், தமிழ் அண்டை வீட்டில் கற்றது. "உங்களுக்கு இப்ப எதை நெனச்சா ரொம்ப பயம், அதைச் சொல்லுங்க."

டாக்டர், நர்ஸ் யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. நோயாளியைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் காது குத்துக் கதையைக் கொட்டிவிட்டேன். அவர் குறிப்பு எதுவும் எழுதவில்லை. கேட்டுவிட்டு அண்ணியிடம் போனார், அதே கேள்வி. பிறகு அண்ணனிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணி வாசலில் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா எதையாவது சொல்லிப்புட்டா நான் இந்த எடத்தயே ரெண்டாக்கிப்புடுவேன், பாத்துக்க," என்றார் என்னிடம்.

ரேகா வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் மறித்துக்கொண்டோம். அவர் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

"நான் அவருக்கு ஒண்ணும் சொல்லல. கேட்டேன், அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்லலாமான்னு அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டு வந்தேன். கீமோ நிறுத்துன அன்னிக்கே அவருக்குத் தெரியும்."

அண்ணி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல அவருக்குப் பயம் ஜாஸ்தி இல்ல," என்று ரேகா தொடர்ந்தார். "வருத்தம் வேற. உங்க பெரியப்பா போன்ல பேசினாராம்ல, அவரு மகன் மடியில வெச்சுக் குத்திக்கலாம்னு. அது காதுல விழுந்திருக்கு. தங்கச்சி வேற மடி பாத்துட்டான்னு நெனச்சிட்டு இருக்காரு."

பெரியப்பா கேட்டது உண்மை. நான் முடியாது என்றதும் உண்மை. ஆனால் போனை எடுத்தது அண்ணன் கட்டிலருகே, முடியாது என்று சொன்னது வராந்தாவுக்கு வந்த பிறகு. அண்ணன் கேட்டதெல்லாம் முன்பாதி மட்டும். அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததில், மனுஷனுக்கு நோயைவிடப் பெரிய வலியைக் கொடுத்திருந்தோம்.

"நான் போய் என்னன்னு சொல்றது மேடம்?"

"சொல்லவே வேண்டாம். பாப்பாவுக்கு எப்ப வெச்சுக்கலாம்னு கேளுங்க. அவரு பேசறவரைக்கும் நீங்க பேசக்கூடாது. அது கஷ்டம், உங்களுக்கு ரொம்பக் கஷ்டம், பாத்தாலே தெரியுது." என் வாயைப் பற்றி அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டுவிட்டார்.

போனோம். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரேகா கதவருகே நின்றுகொண்டார்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தணும். எப்ப வெச்சுக்கலாம்ங்க?"

நான் நாக்கைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டேன். கடைசியில் திரும்பினார்.

"உன்ற பெரியப்பன் பையன் மடி இருக்குதல்ல அம்மிணி."

"அவன் மடியில யாரு குத்துறது. முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிப்போட்டேன். நீங்க இருக்கயில எனக்கெதுக்கு இன்னொருத்தன் மடி."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப இந்த வாரமே வெச்சுக்க," என்றார். "அடுத்த வாரத்த நம்பாத."

அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. அண்ணி கட்டிலில் தலையை வைத்து ஓவென்று அழுதார். அண்ணன் அவர் முதுகில் கைவைத்து, "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச சாந்தி, உனக்குப் பொய் சொல்லவே வராதே" என்றார். நானும் அழுதேன். ஆனால் மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது.

பிறகு அண்ணன் போர்வையை விலக்கிக் காட்டினார். வயிற்றுக்குள் நீர் கோத்து, நிறைமாதம் போல வயிறு முட்டிக்கொண்டு நின்றது. உட்கார வைத்தால் வயிறு தொடைமேல் சரிந்து முழங்கால்வரை அடைத்துக்கொள்ளும்.

"மாமன் இருக்கறான் சரி. மடி எங்க இருக்குது? புள்ளய எங்க உக்கார வெப்பீங்க?"

நாங்கள் ரேகாவைத் தேடித் திரும்பினோம். கதவருகே ரேகா இல்லை. டாக்டர் அறையை நோக்கி அவர் ஓடும் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஊசி வழியாகக் குழாய் செருகி நீரை மெதுவாக வெளியே எடுக்கலாம், சில நாளில் திரும்பச் சேர்ந்துவிடும், உடம்பு அசந்து போகவும் கூடும் என்று எதையும் மறைக்காமல் அண்ணனிடமே சொன்னார்.

"எத்தன நாளைக்கு மடி இருக்கும் டாக்டர்?"

"ரெண்டு மூணு நாளைக்கு உத்தரவாதம்."

"எனக்கு ஒரு மணி நேரம் போதுங்க," என்றார் அண்ணன். அத்தனை மாதங்களில் அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது. ரேகாவுக்கு எங்கிருந்து அத்தனை கை முளைத்தது என்று தெரியவில்லை. என் தொழிற்சாலையில் பேசி விடுப்பு வாங்கிக் கொடுத்தார். நீர் எடுக்கும் நாளைக் காது குத்துக்கு முந்தைய நாளாக வைத்தார். மார்ஃபினை (கடும் வலிக்கான மருந்து) எந்த நேரத்தில் கொடுத்தால் அண்ணன் தூங்கி வழியாமல், வலியும் இல்லாமல் உட்கார முடியும் என்று நர்ஸோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். மற்ற நோயாளிகளின் குடும்பங்களிடம் ஒவ்வொரு அறையாகப் போய், மேளம் இருக்காது, ஆனால் கொஞ்சம் சத்தம் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார். ஒரு அறையில் இருந்த அம்மா, மேளம் ஏன் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டாராம்.

மிச்சம் இருந்தவர் பெரியப்பா. ஆஸ்பத்திரியில காது குத்துவாங்களா, குலதெய்வம் கோயில்லதான் குத்தணும், சாவு வீடு மாதிரி எடத்துல நல்ல காரியமா என்று போனில் குதித்தார். நான் பதிலுக்குக் குதிக்க வாயெடுத்தேன். ரேகா போனை வாங்கி, கோயிலிலிருந்து என்னென்ன வந்தால் அந்த இடம் கோயிலாகும், உங்களைத் தவிர யாருக்குத் தெரியும் என்று பணிவாகக் கேட்டார். அவ்வளவுதான். சண்டைக்கு நின்ற ஆள் சாமான் சேகரிக்கப் போய்விட்டார். குறித்த காலையில் திருநீறு, தீர்த்தம், கோயில் மண், நாவிதர், ஆசாரி, கூடவே ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். "வேப்பமரத்தடியில கிழக்கப் பாத்துப் பாயப் போடு" என்று இல்லத்துக் காவலாளியை அதட்டியதும் அவர்தான்.

அண்ணனுக்கு வேட்டி கட்டிவிட்டோம். இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தினோம். முதுகுக்குத் தலையணை வைத்து மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார வைத்தோம். அவர் குனிந்து தொடையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ரேகாவை நிமிர்ந்து பார்த்து, "மடி வந்திருச்சுங்க மேடம்" என்றார். ரேகா சிரித்தார், சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

யாழினி மொட்டைக்கு அழவில்லை. வலது காதுக்கும் அழவில்லை, என்ன நடந்தது என்று புரிவதற்குள் முடிந்துவிட்டது. இடது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டுபோனதும் ஊரைக் கூட்டினாள். துள்ளினாள், உதைத்தாள். நர்ஸ் பதறி முன்னால் வந்தார். அண்ணன் அந்த எலும்புக் கையால் அவளைச் சுற்றி வளைத்து, "மாமன் இருக்கறேன், மாமன் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பிடியை விடவில்லை. தோடு ஏறியது. அறை வாசல்களில் சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பிள்ளையை இறக்கிவிடுங்கள், களைத்துப்போவீர்கள் என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டி மறுத்தார். யாழினி தேம்பித் தேம்பி அங்கேயே தூங்கிவிட்டாள்.

"வலிக்குதுங்களா அண்ணா?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"கால் மரத்துப்போச்சு," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "புள்ளய வெச்சிருந்தா மரத்துத்தான் போகும். இருக்கட்டும்."

நோய் வந்த நாளிலிருந்து அவர் உடம்பில் எது நடந்தாலும் அது நோயால் நடந்தது. அன்றைக்குத்தான் நல்ல உடம்புக்காரர்களுக்கு வருகிற ஒரு சங்கடம் அவருக்கு வந்தது.

நீர் திரும்பச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருந்தார். மறைக்க எதுவும் இல்லாததால் அண்ணியும் அவரும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டார்கள், காபியில் சர்க்கரை போதாது என்பதற்கெல்லாம். அதைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பது எனக்கு அத்தனை நிம்மதியாக இருக்கும். ஒரு காலை நேரத்தில், அண்ணி கையைப் பிடித்தபடி போய்விட்டார். ரேகா அதற்கப்புறமும் எங்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தார். போனவரை மட்டுமில்லை, இருப்பவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் என் வேலைதான் என்றார்.

இன்றும் நாள் முழுக்க நின்றுதான் வேலை செய்கிறேன். மடி என்பது நிற்கும்போது இல்லாத உறுப்பு. உட்கார்ந்தால்தான் வரும், எழுந்தால் போய்விடும். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்ததும் நேரே அடுப்படிக்குப் போவேன், யாழினி என் காலைக் கட்டிக்கொண்டால் அப்புறம் வா என்பேன். இப்போது வாசலைத் தாண்டியதும் முதலில் தரையில் உட்காருகிறேன். அவளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. ஏறி உட்கார்ந்தால் நல்ல கனம், போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதல். சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வேகிறது.