எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்ன டாக்டர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் மலாக்காவில் ஒரு சப்பாத்துப் பட்டறையில் காலணிகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். காற்றுப் பட்டால் பசை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சன்னல்களை அடைத்தே வைப்போம். மதியத்துக்குள் தலை கிறுகிறுக்கும். அந்த நெடி மூளையைக் கெடுக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். மண்டையைத் திறந்தா பார்ப்பார்? எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. வாசலிலேயே நின்றேன்.

அப்படி ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லும் எண்களைப் பட்டறையில் கணக்கு எழுதும் கிராணி தமிழில் சொல்வார். நாங்கள் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில் போனவன் என் பக்கத்து மேசைக்காரன். காஜா பெராங் கிராமத்துச் செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்து தமிழை மறந்துவிட்ட கூட்டம். நெற்றியில் விபூதி இருக்கும், வீட்டுப் பேச்சு மலாய். ஈப்போவிலிருந்து புதிதாக வந்த கிராணிக்கு இது தெரியாது. தமிழில் கேட்டார். அவன் விழித்தான்.

"மண்டை சுத்தமா போச்சு" என்று கிராணி முனகிவிட்டு, டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

மூளை கெட்டவன் என்று எழுதிவிட்டால் அவன் வேலை போய்விடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன கிராணி நீங்க? அவன் செட்டி லா, தமிழ் வராது. மலாய்ல கேளுங்க. சீனத்துல கேட்டா உங்களுக்கும்தான் மண்டை காலி."

மலாயில் கேட்டார்கள். வரிசையாகச் சரியாகச் சொன்னான். திருப்பிச் சொல்லும்போது மூன்றாவது எண்ணில் நின்றுவிட்டான். மறுபடியும் அதே இடம்.

"தாடி அடா" என்று சிரித்தான். இப்போதுதான் இருந்தது என்று அர்த்தம்.

நான் நம்பவில்லை. "இது எவனுக்கு வரும்? என்னைக் கேளுங்க பார்ப்போம்."

கேட்டார்கள், தமிழில். கடைசி எண்ணைச் சொன்னேன். அதற்கு முந்தியதையும் சொன்னேன். பிறகு வாய் மட்டும் திறந்திருந்தது.

"அண்ணனுக்கு எந்தப் பாஷையில கேக்கட்டும்?" என்றார் கிராணி.

அறையத்தான் தோன்றியது. ஆனால் அந்த எண்கள் எங்கே போயின? காதில் நன்றாகத்தானே விழுந்தன? கிராணியை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன்.

"நெடியாலதான் இருக்கும்னு நினைக்கிறாராம். சரியாகுமான்னு அவருக்கே தெரியாதாம்."

முதலாளி எங்கள் இருவரையும் விரட்டத்தான் பார்த்தார். டாக்டர் கறாராகப் பேசியதால் பெட்டி கட்டும் கொட்டகைக்கு மாற்றினார். செட்டி என்னிடம் வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன். தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

கொட்டகையில் ஒருவருக்கொருவர் எண் சொல்லிச் சோதித்துக்கொண்டோம். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. பசை மேசைகளுக்கு எங்களுக்குப் பதிலாக வந்த புது ஆட்களையும் சாயங்காலம் வாசலில் மறித்து எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். எரிந்து விழுந்தார்கள். நாங்கள் விடவில்லை.