கடல் அடங்கினால் தடுமாறும் கணக்கு

எங்கள் ஊரான அரிப்பில், கடலில் ஒரு மிதவை விட்டிருந்தோம். அது சரிவதையும் திரும்புவதையும் வைத்து அலையின் உயரத்தைக் கணிக்கும் நிரலை எழுதியவள் நான். அலை அடித்த நாட்களில் கணக்கு ஒழுங்காக வந்தது. கடல் அடங்கியதும் இல்லாத அலைகளைக் காட்டத் தொடங்கியது.

கொழும்பில் இருந்த குழுத் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. மிதவையின் உணரியில் பாசி பிடித்திருக்கும், போய்த் தேய்க்கவேண்டும் என்றார். சரிவு கொஞ்சம் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதைக் கணினியே வகையிட்டுத் தரும்படி எழுதியிருந்தேன். பிழை அங்கே இருக்கலாம் என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"தானியங்கி வகையீடு பிழை விடாது தங்கச்சி. அது சூத்திரத்தின்படி செய்யிறது. நீங்கள் மிதவையைப் பாருங்கோ."

என் அண்ணா அன்றைய மீன்பிடியை விட்டுவிட்டு என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஓங்காளித்துக்கொண்டே தேய்த்தேன். மறுநாளும் அதே இல்லாத அலை. தலைவர் திரும்பவும் தேய்க்கச் சொன்னார். இரண்டாம் முறை அண்ணா எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனி நான் வரமாட்டன். உன்ரை பெரியவரை வந்து தேய்க்கச் சொல்லு."

பாசிக்குக் கடல் அடங்கியது எப்படித் தெரியும்? அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து நிரலை வரி வரியாக ஓடவிட்டேன். ஒரு வரியில், ஒன்றிலிருந்து சரிவுக் கோணத்தின் கோசைனைக் கழித்து, கோணத்தின் வர்க்கத்தால் வகுத்திருந்தேன். கோணம் மிகச் சிறிதானால் கோசைன் ஏறக்குறைய ஒன்றுதான். கழித்ததும் கணினி வைத்திருக்கும் இலக்கங்களில் பாதி தொலைந்துவிடும். அந்த வரியின் விடை அப்போதும், வரவேண்டியபடி, அரைக்குப் பக்கத்தில் நல்லபிள்ளையாக நின்றதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை வகையிட்டபோது இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று அழித்தன. மிஞ்சியது குப்பை. சில இடங்களில் சக சயமாகவும், அதாவது கூட்டல் குறி கழித்தல் குறியாகவும், மாறியிருந்தது.

சிறு கோணங்களுக்கு அந்த வரியை விட்டுவிட்டு, கோணத்தின் அடுக்குகளாலான தொடர் விரிவை எழுதி அதையே வகையிடவைத்தேன். அடங்கிய கடல் அடங்கியதாகவே வந்தது.

தலைவரை அழைத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப சூத்திரத்தில பிழை இல்லைதானே?"

ஓம் என்றேன். அடுத்த கூட்டத்தில், மிதவையைத் தேய்த்தபிறகு எல்லாம் சரி என்று எல்லோருக்கும் அறிவித்தார். நான் குறுக்கிட்டு, கோசைனிலிருந்து தொடங்கி முழுவதையும் விளங்கப்படுத்தினேன். முடிந்ததும் ஒருவர், மிதவையை இனி எத்தனை நாளுக்கு ஒருக்கால் தேய்க்கவேண்டும் என்று கேட்டார்.