பத்தாவது நாளில் கொடுத்த விலகல் கடிதம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆவணி மாதம் நடந்தது இது. அப்போது நான் அரியலூர் கோர்ட்டில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ஊர் தா.பழூர் பக்கம். நெல் விவசாயம் பார்க்கும் என் அப்பாவுக்கு ஒரே ஆசைதான், என் பெயருக்குப் பின்னால் எல்.எல்.எம். என்று இருக்க வேண்டும்.

அவருக்காகத்தான் அந்தச் சட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்து, சேர்ந்துகொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நான் ஊர் திரும்புவதற்குள் அக்கா வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். வக்கீல் கவுன் மாட்டிக்கொண்டு ஒரு சிங்கத்தின் பக்கத்தில் நான் நிற்பது போல அதில் படம்.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருந்தபோது சீனியருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்புக்குப் போகிற பாதை யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கு. எதிர்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை நான் தனியாக யாரையும் விசாரித்ததில்லை. ஆனால் நான்காவது கேள்வியிலேயே அந்தச் சாட்சி, "ஆமாங்க, அவங்க வண்டி அந்தப் பாதையிலதான் போவும்" என்று எங்கள் கட்சிக்காரருக்குச் சாதகமாகவே சொல்லிவிட்டார். அந்த நிமிடம் எனக்குள் ஓடிய சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. சீனியர் அந்த வழக்கை முழுவதுமாக என்னிடமே விட்டுவிட்டார்.

கல்லூரியில் சேர்ந்தால் இரண்டு வருடம் கோர்ட் பக்கமே வர முடியாது. எனக்குக் கோர்ட்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன். கல்லூரிக்கும் போகவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டில் கேட்டால், வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

வகுப்பு தொடங்கிய ஏழாவது நாள் ஒரு போன் வந்தது. பெண் குரல்.

"சார், நான் பெரம்பலூர்ல பிராக்டீஸ் பண்றேன். எல்.எல்.எம். வெயிட்டிங் லிஸ்ட்ல மொதோ பேரு என்னுது. தப்பா எடுத்துக்காதீங்க, அரியலூர்ல தெரிஞ்ச வக்கீல்கிட்ட கேட்டு உங்க நம்பர் வாங்குனேன். நீங்க மட்டும் இன்னும் கிளாசுக்கு வரலன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வருவீங்களா சார்?"

வரமாட்டேன் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆனால் இவரிடம் சொன்னால் அது வக்கீல்கள் வழியாக ஊருக்குப் போய்விடுமே என்று பயந்தேன். "வருவேங்க. டைபாய்டு. அதான் லேட்டு" என்றேன்.

"அய்யய்யோ, மொதல்ல உடம்பப் பாத்துக்குங்க சார். எளநி நெறைய குடிங்க. நோட்ஸெல்லாம் யார்ட்டயாச்சும் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குரலில் ஏமாற்றத்தைத் துளியும் காட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து பாதை வழக்கு மறுபடி வந்தது. யார் ஆஜர் என்று நீதிபதி கேட்டதும் எழுந்து என் பெயரைச் சொன்னேன். பின் வரிசையில் கவுன் அணிந்திருந்த ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். யாரோ வெளியூர் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். முடித்துவிட்டு வராண்டாவுக்கு வந்தால், அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"உடம்பு தேவலையா சார்?"

அதே குரல். பாடாலூர்க்காரர் ஒருவரின் வழக்குக்காக அன்று அரியலூர் வந்திருக்கிறார். நான் கையிலிருந்த கேஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்தேன்.

அவரோ, "நல்லா பேசுனீங்க சார். அந்த சர்வே வரைபடத்தக் காட்டிக் கேட்டீங்க பாருங்க, நல்லாருந்துச்சு" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அப்பா, ஃப்ளெக்ஸ், சிங்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிங்கத்தைக் கேட்டதும் சிரித்தேவிட்டார். பிறகு முகம் மாறியது.

"கோர்ட்டுதான் வேணும்னா அதுல ஒரு தப்பும் இல்ல சார். ஆனா வாயத் தொறந்து சொல்லணும். போன வருசமும் நான் லிஸ்ட்ல மொதோ ஆளா நின்னேன். யாரோ ஒருத்தர் கடைசி வரைக்கும் வரவும் இல்ல, வேணாம்னும் சொல்லல. அந்த எடம் காலியாவே கெடந்துச்சு."

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசையாம். ஆறு வயதில் மகள். இந்த வருடம் விட்டால் வீட்டில் இன்னொரு முறை கேட்க முடியாது என்றார்.

"இப்ப எழுதிக் குடுத்தாலும் தேதி முடிஞ்சிருக்குமேங்க" என்று இழுத்தேன். அவர் பையிலிருந்து கல்லூரியின் பிராஸ்பெக்டஸை எடுத்தார். ஓரமெல்லாம் மடிந்து நைந்திருந்தது. வகுப்பு தொடங்கிப் பத்து வேலை நாட்களுக்குள் ஒருவர் எழுத்து மூலம் விலகினால், அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பத்தி. நானும் வக்கீல்தான், கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்குத்தான் சார் பத்தாவது நாளு" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அப்ப ஊருக்கு என்னடா சொல்றது?" என்றார். "கோர்ட்ல கேஸ் நடத்துறான்னு சொல்லுங்கப்பா" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை திருச்சியில், கல்லூரி ஆபீசில் நானும் அந்த வக்கீல் அம்மாவும் நின்றோம். என் விலகல் கடிதத்தை வாங்கிய அலுவலர், "வித்டிராயல் வாங்கிக்கிறேன். ஆனா அட்மிஷன் முடிஞ்சாச்சு. அந்த சீட்டு அவ்ளோதான்" என்றார். பக்கத்தில் நின்றவர் குரலை உயர்த்தவில்லை. "ஒரு நிமிசம் சார்" என்று பிராஸ்பெக்டஸைப் பிரித்து, அந்தப் பத்தியை நிதானமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, இன்று பத்தாவது நாள் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னார்.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "இத்தன நாளா நீங்க ஏன் வந்து சொல்லல? அதுக்கும் காரணம் எழுதணும்ல?"

நான் அந்த வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். என் டைபாய்டு கதை அவருக்குத் தெரியும். அவருடைய இடம் கிட்டத்தட்டக் கைநழுவிப் போனது என்னால்தான் என்றும் தெரியும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சாருக்கு கோர்ட்ல ஒரு வழக்கு பொறுப்பு வந்துருச்சு சார். முடிவெடுக்க நாளாச்சு. நேத்து முடிவெடுத்தாரு, இன்னிக்கு வந்துட்டாரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அலுவலர் முதல்வர் அறைக்குள் போய், அரை மணி நேரம் கழித்து வந்தார். "ஒரிஜினல்லாம் கொண்டாந்திருக்கீங்களாம்மா?" என்றார். வக்கீல் அம்மா எல்லாவற்றையும் இரண்டு செட் நகலோடு கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் கணவருக்குப் போன் செய்தார். "பாப்பாகிட்ட சொல்லுங்க, அம்மாவும் பள்ளிக்கூடம் போறாளாம்!" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

எதிரே இருந்த கடையில் எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். "குடிங்க சார், டைபாய்டுக்கு நல்லது." அவர் என்னைக் குத்திக் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

பாதை வழக்கில் எங்கள் கட்சிக்காரர் ஜெயித்தார். தீர்ப்பன்று அப்பா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த வக்கீல் அம்மா இப்போது ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்.

நான் இப்போதெல்லாம் வேண்டாம் என்று தோன்றியதை அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எதிராளியின் பொய் ஒன்று கையில் கிடைத்து நான் கோர்ட்டில் எழுந்து நிற்கிற ஒவ்வொரு முறையும், இதைச் சொல்லாமலே ஜெயிக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கிறேன்.