விசில்காரன் கையில் கழி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மூங்கில் கழி கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நீளம். ஒரு முனையில் பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுற்றிச் சணலால் கட்டியிருக்கும். பேரப்பிள்ளைகள் அதை ஒட்டடைக் கம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண் தெரியாதவர் நீந்தி வரும்போது சுவரில் மோதிவிடாமல் இருக்க, கரையில் நின்று அவர் தலையில் லேசாகத் தட்டுவதற்கான கழி அது. கட்டியவர் மேஸ்திரி.

செந்துறைப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் அவர் மேஸ்திரி, நான் விசில்காரன். வெடித்திரி கொளுத்துவதற்கு முன் விசில் ஊதி ஆட்களை விலக்குவது என் வேலை. அன்றைக்கும் மூச்சு முட்ட ஊதினேன். கீழே பாறையில் துளைபோடும் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது; அதன் பக்கத்தில் மேஸ்திரி மட்டும் நின்றிருந்தார். கல் தெறித்து இரண்டு கண்ணும் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவன் ஊதலடா." மேலே நின்றவர்கள் தங்களுக்குக் கேட்டது என்றார்கள். "அவன் சேக்காளிங்க அப்புடித்தான் சொல்லுவாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

அதற்குப் பிறகு அவருக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. மனைவி போட்ட சோற்றைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுவார். கைவிட்ட பழைய குழியில் மழைத் தண்ணீர் நின்றது. அதில் நீந்தும்போது மட்டும் முகம் தெளிந்திருக்கும். "தண்ணியில எவனும் சத்தமில்லாம கிட்ட வர முடியாது" என்பார். ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த காலம். திருச்சியில் பார்வையற்றோருக்கு நீச்சல் போட்டி வைத்திருப்பதாகத் தெரிந்ததும் தலை தட்ட அவர் கூப்பிட்டனுப்பியது, வேறு யாரையுமல்ல, என்னை.

"ஊருல வேற ஆளே கெடைக்கலியா?" என்று அவர் மனைவி என் எதிரிலேயே கேட்டார்.

"நான் சந்தேகப்படுற ஆளு எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியணும்" என்றார் மேஸ்திரி.

நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தத் திட்டமோ என்று எனக்குப் பட்டது. மறுத்தால், ஊதவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். போனேன்.

அந்தக் குழித் தண்ணீரில் பயிற்சி பெரிய கூத்து. கழியை அவரே கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். கொடுக்கும்போதும் முழம் போட்டுப் பார்ப்பார், திருப்பி வாங்கும்போதும் முழம் போட்டுப் பார்ப்பார், நான் வழியில் வெட்டிக் குறைத்துவிடுவேனோ என்று. கொஞ்சம் முந்தித் தட்டினால், "என்னயத் தோக்கடிக்கப் பாக்குற." பிந்தினால், "கையையும் ஒடிக்கப் பாக்குறியா?" எப்படித் தட்டினாலும் சரி, சுவர் நெருங்குகிறது என்று தோன்றினாலே வேகத்தைக் குறைத்து ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டுதான் வருவார்.

திருச்சி நீச்சல்குளத்தில் ஒரு முனையில் நீந்துகிறவர்கள், எதிர்முனையில் நாங்கள். மேஸ்திரி நின்ற இடத்துக்கு நேர் மேலே ஒலிபெருக்கிக் குழாய் அலறிக்கொண்டிருந்தது. நடுவர் விசில் ஊதினார். எல்லோரும் பாய்ந்தார்கள். மேஸ்திரி மட்டும் காதைச் சாய்த்தபடி அசையாமல் நின்றார். எனக்கு வெடி வைத்த குழியும் கம்ப்ரசரும் கண்முன் வந்தன. பக்கத்தில் இருந்த ஒருவர் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் குதித்தார். வெறி பிடித்தவர் மாதிரி வந்தார். இந்த முறை கையை நீட்டவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. தட்டினேன். சுவரைத் தொட்டார். கடைசி ஆள் அவர்தான்.

கரையேறியதும் கேட்டார். "விசில் ஊதுனாங்களா?"

"ஊதுனாங்க மேஸ்திரி."

"நெசமா?"

"நெசமாத்தாங்க. எதிர்க்கரையில எனக்கே கேட்டுச்சு."

தலையைத் துவட்டினார். "எனக்குக் கேக்கலியேடா" என்றார்.

அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். கழி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததற்குக் கண்டக்டர் திட்டியதை அவர் காதில் வாங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதை என் பக்கம் நீட்டினார்.

"உன் வூட்டுலயே போட்டு வையி. காலையில வரயில எடுத்துட்டு வந்துடு."

முழம் போட்டுப் பார்க்கவில்லை.

மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். பரணைத் துடைக்க ஏறும்போதெல்லாம் இப்போது நான் அந்தக் கழியை முழம் போட்டுப் பார்க்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீடு, சொல்ல முடியாது. இதுவரை குறையவில்லை.